பெண் கல்விக்காகச் சிறை சென்ற மேரி வார்ட் அம்மையார்



கல்கத்தா அன்னை தெரேசாவை அறியாத கத்தோலிக்கக் குடும்பம் நம் மத்தியில் இல்லை. 2016ஆம் ஆண்டில் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்ட அவருடைய படம் நம் வீடுகள் பலவற்றில் திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில் இடம்பெற்றிருக்கின்றது. ஆனால் சேரிகளுக்குள் இறங்கி ஏழைகளோடு வாழத் தொடங்குவதற்கு முன்னர், ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அவர் வேறொரு சபையின் கன்னியராக இருந்து பெண் பிள்ளைகளுக்குப் படிப்பித்தார் என்பதை நம்மில் எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறோம்? 1928ஆம் ஆண்டில், பதினெட்டு வயதில், அவர் சேர்ந்தது லொறேற்றோ கன்னியர் சபையாகும்.

அந்தச் சபையின் வேரைத் தேடிப் போவோமாயின், நானூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் வாழ்ந்த மேரி வார்ட் என்னும் பெண்மணியிடம் வந்து சேருவோம். அவருடைய வரலாறு இன்பமான வரலாறன்று. அவர் கட்டியெழுப்பிய சபையைத் திருச்சபையின் அதிகாரமே கலைத்தது. அவரையும் சிறை வைத்தது. அவர் இறந்த பின்னரும் நெடுங்காலம் அவரைத் தாய் என்று சொல்ல அவருடைய பிள்ளைகளுக்கு அனுமதி கிடைக்கவில்லை.

பெண்ணுக்குச் சமத்துவம் என்ற பேச்சு நேற்று முந்தநாள் மேல்நாட்டுப் புதுக் கொள்கைகளோடு நம் வீட்டுக்குள் நுழைந்தது என்றும், விசுவாசமுள்ள குடும்பங்களுக்கு அது வேண்டாததென்றும் எண்ணுகிறவர்கள் நம் நடுவே உண்டு. அவர்கள் சிறப்பாக இவ்வரலாற்றைப் பொறுமையோடு வாசிக்க வேண்டுகிறோம்.

மறைவில் வளர்ந்த விசுவாசம்

மேரி 1585ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் திகதி, வட இங்கிலாந்தின் யோர்க்‌ஷயர் பகுதியில், ரிப்பன் நகருக்கு அண்மையிலுள்ள மல்வித் என்னும் இடத்தில் பிறந்தார். தந்தை மார்மடியூக் வார்ட். தாய் ஊர்சுலா ரைட். காணி பூமியுள்ள வசதியான குடும்பம். ஆனால் அந்நாளைய இங்கிலாந்தில் கத்தோலிக்கராய் இருப்பதே பெருங்குற்றம். முதலாம் எலிசபெத் இராணியின் சட்டப்படி, அரசின் ஆலயத்துக்குப் போக மறுப்பவர்கள் மாதந்தோறும் 20 பவுண் தண்டம் கட்ட வேண்டும். குருவானவருக்கு வீட்டில் இடங்கொடுத்தவருக்கு மரண தண்டனை விதிக்கப்படலாம்.

மேரி பிறந்த மறு ஆண்டே, 1586 மார்ச் 25ஆம் திகதி, யோர்க் நகரில் மார்கிறற் கிளித்தரோ என்னும் பெண், குருமாரை ஒளித்து வைத்தார் என்று குற்றஞ்சாட்டப்பட்டு, உடலின்மேல் பாரமேற்றி நசுக்கிக் கொல்லப்பட்டார். இறைச்சிக் கடைக்காரர் ஒருவரின் மனைவியும் பிள்ளைகளின் தாயுமான அவரைத் திருச்சபை 1970இல் புனிதராகப் பிரகடனஞ் செய்தது. மேரியின் தாய்வழிப் பாட்டியாரோ விசுவாசத்துக்காக ஏறக்குறைய 14 ஆண்டுகள் சிறையில் இருந்தவர். ஐந்து வயது தொடக்கம் ஐந்து ஆண்டுகள் அந்தப் பாட்டியாரின் நிழலிலேயே மேரி வளர்ந்தார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் கொடிய காலத்தில் இங்கிலாந்தில் விசுவாசத்தைக் காத்தவர்கள் யார்? காணி பறிபோய்விடும் என்று அஞ்சி வீட்டுத் தலைவர்கள் பலர் அரச ஆலயத்தில் தலையைக் காட்டி வந்தார்கள். வீட்டிலே பூசைக்கு இடம் ஒழுங்கு செய்தவர்களும், குருமாருக்குச் சோறு போட்டு ஒளித்து வைத்தவர்களும், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுத்தவர்களும் பெரும்பாலும் பெண்களே. பெண்கள் பலவீனமானவர்கள், பெரிய காரியங்களுக்கு உதவாதவர்கள் என்று பின்னாளில் மேரியிடம் சொல்லப்பட்டபோது, அதை அவர் நம்பாததற்குக் காரணம் புத்தகப் படிப்பன்று. பெண்கள் என்ன செய்யக்கூடியவர்கள் என்பதை அவர் சிறு வயதிலேயே கண்ணாற் கண்டிருந்தார்.

கணவனா, மதிலா?

பதினைந்து வயதளவில், உறவினர் வீடொன்றில் தங்கியிருந்த காலத்தில், மேரியின் உள்ளத்தில் தேவ அழைத்தல் பிறந்தது. அந்த வீட்டுப் பணிப்பெண் ஒருவர் பழைய காலத்துக் கன்னியர் மடங்களைப் பற்றிச் சொன்ன கதைகளே அதற்கு வித்தாக அமைந்தன. நல்ல இடங்களிலிருந்து கலியாணம் பேசி வந்தார்கள். தகப்பனாருக்கு மகளைப் பிரிய மனமில்லை. இதற்கிடையில் 1605ஆம் ஆண்டில், பாராளுமன்றத்தை வெடிமருந்து வைத்துத் தகர்க்கச் சிலர் செய்த சதி வெளிப்பட்டது. அதில் சேர்ந்திருந்த மேரியின் தாய்மாமன்மார் இருவர் கொல்லப்பட்டார்கள். கத்தோலிக்கரின் நிலை முன்னையிலும் மோசமாயிற்று.

இங்கிலாந்தில் அப்போது கன்னியர் மடம் எதுவும் இல்லை. ஆகவே 1606ஆம் ஆண்டில், 21 வயதில், மேரி கடல் கடந்து, அந்நாளில் ஸ்பானிய ஆட்சியின் கீழிருந்த சென்ற் ஓமேர் நகருக்குப் போனார். அங்கே அர்ச். கிளாரம்மாள் சபையின் மடமொன்றில் வெளிவேலைச் சகோதரியாகச் சேர்ந்து, தெருத் தெருவாக மடத்துக்குப் பிச்சை எடுத்தார். பிறகு ஆங்கிலப் பெண்களுக்கென்று அதே சபையில் ஒரு மடத்தை அமைக்க முன்னின்று உழைத்தார். மடம் அமைந்த பின்னரும் அவர் மனம் நிலைகொள்ளவில்லை. தம்மிடமிருந்து ஆண்டவர் கேட்பது வேறொன்று என்று அவருக்குத் தோன்றியது. 1609இல், தாமே உருவாக்கிய அந்த மடத்தை விட்டு வெளியேறினார். மடத்தை விட்டு வந்த பெண்ணைப் பற்றி ஊர் என்ன பேசும் என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அவர் அடியெடுத்து வைத்த இடத்தில் பாதையே இருக்கவில்லை என்பதை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். அக்காலத்துப் பெண்ணுக்கு இரண்டே வழிகள். ஒன்று கணவன். மற்றது மடத்து மதில். 1563இல் நிறைவெய்திய திரிதெந்து பொதுச் சங்கம், கன்னியர் மடத்தை விட்டு வெளியே வரலாகாது என்ற பழைய ஒழுங்கைக் கண்டிப்பாக்கியது. 1566இல் பாப்பரசர் ஐந்தாம் பத்திநாதர் அதை மேலும் இறுக்கினார். துறவறப் பெண் என்றால் மதிலுக்கு உள்ளே, கம்பித் தட்டிக்குப் பின்னால் வாழ்பவள் என்பதே சட்டம். தெருவில் இறங்கி நோயாளரைச் சந்திக்கும் கன்னியர், வகுப்பறையில் நின்று படிப்பிக்கும் கன்னியர், பஸ் ஏறிக் குக்கிராமத்துக்குப் போகும் கன்னியர் என்று இன்று நாம் சாதாரணமாகக் காண்பதெல்லாம் அன்றைய சட்டத்துக்கு மாறானவை.

பையன்களுக்குக் கல்லூரி, பெண்களுக்கு?

சென்ற் ஓமேர் நகரில் ஆங்கிலப் பையன்களுக்கென்று 1593ஆம் ஆண்டு முதலே இயேசு சபையினரின் கல்லூரி ஒன்று இருந்தது. இங்கிலாந்தின் கத்தோலிக்கப் பெற்றோர் ஆண்மக்களை இரகசியமாகக் கப்பலேற்றி அங்கே அனுப்பினார்கள். பெண்மக்களுக்கு அப்படியொரு பாடசாலை இருக்கவில்லை. 1609ஆம் ஆண்டின் இறுதியை அண்டி, மேரியும் மேரி பொயின்ற்ஸ், வினிபிரெட் விக்மோர் முதலிய தோழியர் சிலரும் அதே நகரில் ஓர் இல்லத்தில் கூடி வாழத் தொடங்கினர். ஆங்கிலப் பெண் பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலையும், அவ்வூர் ஏழைப் பெண் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாத பகற் பாடசாலையும் நடத்தினார்கள். வாசிப்பும் எழுத்தும் தையலும் ஞானோபதேசமும் மட்டுமன்றி, ஆண்களுக்கே உரியதென்று கருதப்பட்ட இலத்தீன் மொழியும் பெண் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கப்பட்டது.

1611ஆம் ஆண்டில், கடும் நோயிலிருந்து தேறிவந்த வேளையில், அர்ச். இஞ்ஞாசியாரின் இயேசு சபை ஒழுங்கையே தம் சபைக்கும் கைக்கொள்ள வேண்டும் என்ற தெளிவு மேரிக்கு உண்டானது. அதன் பொருள் என்ன? சகோதரிகள் மதிலுக்குள் அடைபடமாட்டார்கள். தேவை எங்கே உண்டோ அங்கே போவார்கள். பெண் ஒருவரே சபை முழுவதற்கும் தலைவியாக இருப்பார். அந்தந்த இடத்து ஆயரின் கீழோ ஆண்களின் சபை ஒன்றின் கீழோ அல்லாமல், நேரே பாப்பரசருக்கே கீழ்ப்பட்டிருப்பார்கள். ஆண்களுக்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்னரே வழங்கப்பட்ட அதே அனுமதியைத்தான் பெண்களுக்கும் அவர் கேட்டார்.

பாடசாலைகள் பெருகின. லியேஜ், கொலோன், ட்றியர், உரோமை, நேப்பிள்ஸ், பெரூஜியா, மியூனிக், வியன்னா, இன்று பிராட்டிஸ்லாவா எனப்படும் பிறெஸ்பேர்க் என்று இருபது ஆண்டுகளுக்குள் ஐரோப்பாவின் பெருநகரங்களில் இல்லங்கள் எழுந்தன. இங்கிலாந்துக்குள்ளும் சகோதரிகள் சாதாரண உடையில் மறைந்து சென்று, ஏழைகளுக்குப் போதித்து, நோயாளரைப் பார்த்து, விசுவாசத்தை விட்டு விலகியவர்களை மீண்டும் குருவானவரிடம் அழைத்து வந்தார்கள்.

பெண்தானே என்ற சொல்

1617ஆம் ஆண்டளவில் ஒரு செய்தி சென்ற் ஓமேர் இல்லத்துக்கு எட்டியது. இந்தச் சகோதரிகளின் ஆர்வத்தை ஒருவர் புகழ்ந்தபோது, அங்கிருந்த குருவானவர் ஒருவர், இப்போதைக்கு ஆர்வமாகத்தான் இருப்பார்கள், ஆர்வம் தணிந்த பிறகு எப்படியும் அவர்கள் பெண்கள்தானே என்ற கருத்துப்படச் சொன்னாராம்.

இதைக் கேட்ட மேரி கோபப்பட்டுக் கூச்சலிடவில்லை. சகோதரிகளைக் கூட்டி அமைதியாக விளக்கினார். ஆர்வம் தணிவது மனிதர் யாவருக்கும் நேரக்கூடியது, அது பெண்ணாய்ப் பிறந்ததால் வருவதன்று, உண்மையை விட்டு வீண் காரியங்களை நேசிப்பதால் வருவது என்றார். பெண்கள் பெரிய காரியங்களைச் செய்யக்கூடாதபடி ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில் அப்படி ஒரு வித்தியாசம் இல்லை என்றும், புனித பெண்கள் பலரின் வாழ்வே அதற்குச் சாட்சி என்றும் எடுத்துக் காட்டினார். வருங்காலத்தில் பெண்கள் மிகுதியாகச் சாதிப்பார்கள் என்ற தம் நம்பிக்கையையும் வெளியிட்டார். கணவனுக்குக் கீழ்ப்படிதலையும், குருத்துவப் பணி ஆண்களுக்கு உரியது என்பதையும் அவர் மறுத்துப் பேசவில்லை. அக்காலத்துப் பெண்ணாகவே அவர் பேசினார். ஆயினும் பெண் என்பதாலேயே ஒருத்தி குறைந்தவள் என்று தீர்ப்பிடுவது பொய் என்பதில் அவர் இம்மியும் விட்டுக்கொடுக்கவில்லை.

எதிர்ப்பு நாலா பக்கத்திலும் கிளம்பியது. இங்கிலாந்தின் மறைமாவட்டக் குருமார் சிலர் இவர்களுக்கு எதிராக உரோமைக்கு முறைப்பாடு அனுப்பினர். பெண்கள் அப்போஸ்தலப் பணி செய்தது திருச்சபையில் என்றும் இல்லாத வழக்கம், பெண்கள் எளிதில் தவறிப்போகக் கூடியவர்கள் என்பவை அவர்கள் வாதம். ஊர் ஊராய்ப் பாய்ந்து திரியும் பெட்டைகள் என்ற பொருளில் கேலிப் பெயர்களும் வைத்தார்கள். இயேசு சபையினரில் தனிப்பட்ட முறையில் உதவியவர்கள் உண்டு. ஆனால் பெண்களின் கிளை ஒன்றைத் தம் சபை விதி அனுமதிக்காது என்று சபை ஒதுங்கி நின்றது.

உரோமையை நோக்கிக் கால்நடையாக

எதிரிகளின் கடிதங்கள் உரோமைக்குப் போவதைக் கண்ட மேரி, தாமே நேரில் போய்ப் பாப்பரசரிடம் பேசுவதென்று தீர்மானித்தார். 1621ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆம் திகதி, யாத்திரிகர் உடையில், தோழியர் சிலரோடு கால்நடையாகப் புறப்பட்டார். ஐரோப்பாவில் முப்பதாண்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம். பனிமூடிய அல்ப்ஸ் மலைகளைத் தாண்டி, நத்தாருக்கு முதல்நாள் டிசம்பர் 24ஆம் திகதி உரோமையை அடைந்தனர். சில நாட்களுக்குள்ளேயே பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியாரைச் சந்திக்கும் வாய்ப்புக் கிடைத்தது. அவர் அன்பாக வரவேற்று, விடயத்தைக் கர்தினால்மாரின் விசாரணைக்கு விட்டார்.

விசாரணை இழுபட்டது. பெண்கள் நடத்தும் பாடசாலை எப்படிப்பட்டது என்று உரோமை கண்ணால் பார்க்கட்டும் என்று மேரி அங்கேயே ஒரு பாடசாலையைத் திறந்தார். 1623இல் கிரகோரியார் இறந்து, எட்டாம் ஊர்பன் பாப்பரசரானார். 1625இல் உரோமைப் பாடசாலையை மூடும்படி கட்டளை வந்தது. மேரி மனந்தளராமல் மீண்டும் நடந்தே அல்ப்ஸ் மலையைக் கடந்து, 1627 ஜனவரியில் மியூனிக் சேர்ந்தார். பவேரியாவின் ஆட்சியாளர் மக்சிமிலியன் அவருக்கு ஒரு பெரிய வீட்டையும் ஆதரவையும் கொடுத்தார். வியன்னாவில் பேரரசரும் ஆதரவளித்தார். பெண் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் வந்து சேர்ந்தார்கள்.

ஆனால் உரோமையில் 1628ஆம் ஆண்டிலேயே, மேரிக்கு அறிவிக்காமல், சபையைக் கலைக்கும் முடிவு எடுக்கப்பட்டுவிட்டது. அவ்விடத்துப் பாப்பரசரின் பிரதிநிதிகள் இல்லங்களை ஒவ்வொன்றாக மூடத் தொடங்கினார்கள். 1629இல், நடக்க இயலாத நோயாளியாகத் தூக்குப் படுக்கையில் சுமக்கப்பட்டு, மேரி மீண்டும் உரோமை போய்ப் பாப்பரசர் ஊர்பனிடம் தம் வழக்கைச் சொன்னார். இந்தக் கட்டளைகள் பாப்பரசரின் உண்மையான விருப்பத்திலிருந்து வந்தவையல்ல என்றே அவர் நம்பினார். 1630 ஏப்ரலில் சகோதரிகளுக்கு எழுதிய கடிதத்தில், அந்தக் கட்டளைகளுக்கு இணங்க வேண்டாம் என்று அறிவித்தார். அந்தக் கடிதம் பிறர் கையிற் சிக்கியது. அதுவே அவருக்கு எதிரான சாட்சியமாயிற்று.

எலுமிச்சம் புளியில் எழுதிய கடிதங்கள்

1631 ஜனவரி 13ஆம் திகதியிட்ட ஆணையொன்றினால் பாப்பரசர் எட்டாம் ஊர்பன் சபையை முற்றாகக் கலைத்தார். இரண்டு ஆண்டுகளின் பின் கலிலேயோவை விசாரணைக்கு நிறுத்தியதும் இவருடைய ஆட்சிக் காலத்திலேயே. ஆணையின் சொற்கள் மிகக் கடுமையானவை. பெண்களின் பலவீனத்துக்கு ஒவ்வாத வேலைகளில் இச்சகோதரிகள் தலையிட்டார்கள் என்பது அதிற் கண்ட முக்கிய குற்றம். வார்த்தைப்பாடுகள் செல்லாதவையாயின. சகோதரிகள் வேறு மடங்களுக்குப் போகலாம், அல்லது கலியாணம் முடிக்கலாம், அல்லது வீட்டுக்குத் திரும்பலாம் என்று விடப்பட்டார்கள்.

பெப்ரவரி 7ஆம் திகதி மேரி மியூனிக்கில் கைது செய்யப்பட்டார். பதிதை, திருச்சபைக்கு அடங்காதவள் என்பவை குற்றச்சாட்டுகள். விசுவாசத்துக்காகப் பாட்டியார் பகைவரின் சிறையில் இருந்தார். பேத்தியோ தன் சொந்தத் திருச்சபையின் சிறையில் இருந்தார். அர்ச். கிளாரம்மாள் சபையின் மடமொன்றில், முன்பு ஒரு நோயாளி மரணப்படுக்கையில் கிடந்த சிற்றறையில் அவர் அடைக்கப்பட்டார். வெளியிலிருந்த தோழியரோ சும்மா இருக்கவில்லை. அவர்கள் அனுப்பும் பொருட்களைச் சுற்றிய கடதாசியில் எலுமிச்சம் புளியினால் எழுதி, அதை நெருப்பில் வாட்டி வாசித்து, இரு பகுதியாரும் செய்தி பரிமாறினர். அக்கடிதங்களிற் பல இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. அவற்றில் வசைச் சொற்கள் இல்லை. தோழியரின் உடல்நலம், செலவுக்கான பணம், எதிரிகளுக்காகச் செபம் என்பவற்றோடு வேடிக்கைப் பேச்சும் உண்டு.

சிறையில் அவர் சாகும் நிலையை அடைந்தார். குற்றத்தை ஒப்புக்கொள்வதாய் அமைந்த ஒரு பத்திரத்தில் கையொப்பம் வைத்தாலன்றி அவஸ்தைப்பூசுதல் கிடையாது என்று அறிவிக்கப்பட்டது. சாகக் கிடக்கும் கத்தோலிக்கப் பெண்ணுக்கு இதனிலும் பெரிய சோதனை உண்டா? செய்யாத குற்றத்தை ஏற்றால் தம்மோடு பல அப்பாவிப் பெண்களின் பெயரையும் கெடுத்தவராவார் என்று கூறிக் கையொப்பமிட மறுத்தார். திருச்சபைக்கும் பாப்பரசருக்கும் எதிராகத் தாம் எதுவும் செய்ததில்லை என்று தாமே ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்தார். பின்னர் அருட்சாதனங்கள் கிடைத்தன. உடல் தேறியது. இரண்டு மாதங்களுக்கு மேலான சிறைவாசத்தின் பின் ஏப்ரலில் விடுதலையானார்.

வாசகர்களே, அவர் முன் இரண்டு இலகுவான வழிகள் இருந்தன. ஒன்று, உயிரைக் காக்கப் பொய்க்குக் கையொப்பமிடுவது. மற்றது, தம்மை இப்படி நடத்திய திருச்சபையை உதறிவிட்டுப் போவது. இரண்டையும் அவர் தெரிந்துகொள்ளவில்லை. சபை கலைக்கப்பட்டதை ஏற்றார். ஆனால் தாம் பதிதை அல்ல என்பதைப் பாப்பரசரின் வாயினாலேயே கேட்க விரும்பி, 1632இல் மறுபடியும் உரோமை சென்றார். அவர் குற்றமற்றவர் என்பதை ஊர்பன் ஏற்றுக்கொண்டார். தோழியர் அவரோடு கூடி வாழவும் அனுமதித்தார்.

ஒஸ்பல்ட்விக் கல்லறை

1637இல் உரோமையை விட்டுப் புறப்பட்டு, நோயோடு நாடு நாடாகக் கடந்து, 1639இல் லண்டன் சேர்ந்தார். தம் தாய்நாட்டில் மீண்டும் பெண் பிள்ளைகளைச் சேர்த்துப் படிப்பிக்கத் தொடங்கினார். 1642இல் உள்நாட்டுப் போர் மூளவே, வடக்கே யோர்க்‌ஷயருக்குப் போய், யோர்க் நகருக்கு வெளியே ஹியூவேர்த் கிராமத்தில் குடியிருந்தார். 1644இல் யோர்க் நகரம் படைகளால் முற்றுகையிடப்பட்டபோது தோழியரோடு நகருக்குள் தஞ்சம் புகுந்தார். முற்றுகை நீங்கித் திரும்பியபோது, வீடு படைவீரர் தங்கிச் சென்றதால் சீரழிந்து கிடந்தது. போர்க் காலத்து இடப்பெயர்வு என்ன என்பதை அறிந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

1645ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் திகதி, 60 வயதில், மேரி வார்ட் அம்மையார் அங்கேயே உயிர் துறந்தார். கத்தோலிக்கருக்குச் சேமக்காலை இல்லாத நாட்டில், அயலிலுள்ள ஒஸ்பல்ட்விக் கிராமத்து அங்கிலிக்கன் ஆலய வளவில் அடக்கஞ் செய்யப்பட்டார். ஏழைகளை நேசித்து, அதில் நிலைத்து நின்று, அவர்களோடு வாழ்ந்து மரித்து உயிர்ப்பதே அவருடைய நோக்கம் என்ற கருத்தைக் கல்லறைக் கல்லில் வெட்டினார்கள். கலைக்கப்பட்ட சபையைப் பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை. அக்கல் இன்றும் அவ்வாலயத்தினுள்ளே இருக்கின்றது.

திரும்பக் கிடைத்த பெயர்

சகோதரிகள் சிதறிப் போய்விடவில்லை. மியூனிக்கிலும் உரோமையிலும் சாதாரணப் பெண்களாகக் கூடி வாழ்ந்து படிப்பித்தார்கள். 1686இல் யோர்க் நகரிலேயே இரகசியமாக ஒரு மடம் தொடங்கப்பட்டது. அது இன்றும் உண்டு. 1703இல் பாப்பரசர் பதினோராம் கிளமெந்து அவர்களுடைய 81 விதிகளை அங்கீகரித்தார். ஆனால் 1749இல் பாப்பரசர் பதினான்காம் ஆசீர்வாதப்பர், சபை இயங்கலாம், மேரி வார்டை அதன் ஸ்தாபகர் என்று கொள்ளலாகாது என்று தீர்ப்பளித்தார். பெற்ற தாயைத் தாய் என்று சொல்லாதிருக்கும் நிபந்தனையோடு பிள்ளைகள் வாழ்ந்தார்கள். அவருடைய வாழ்வைச் சித்திரித்த 50 ஓவியங்கள் ஜேர்மனியின் ஆக்ஸ்பேர்க் நகரில் இன்றும் காணக்கிடைக்கின்றன.

சபைக்கு முழு அங்கீகாரம் 1877இல் கிடைத்தது. மேரி வார்டை ஸ்தாபகர் என்று சொல்லும் அனுமதி 1909இல் பாப்பரசர் பத்தாம் பத்திநாதரால் வழங்கப்பட்டது. கலைத்த ஆண்டிலிருந்து எண்ணினால் 278 ஆண்டுகள்! மதிலுக்கு வெளியே பணிபுரியும் சகோதரிகளும் உண்மையான துறவறத்தார் என்று திருச்சபை பொதுச் சட்டத்தால் ஏற்றது 1900ஆம் ஆண்டில், பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயரின் காலத்தில். 2009 டிசம்பரில் பாப்பரசர் பதினாறாம் ஆசீர்வாதப்பர், புனிதர் நிலைக்கான படிகளில் ஒன்றாக, மேரி வார்ட் அம்மையாரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தார்.

இதற்கிடையில் யோர்க் மடத்தில் பயிற்சி பெற்ற பிரான்சிஸ் போல் என்னும் அயர்லாந்துப் பெண் 1821இல் டப்ளின் திரும்பி, லொறேற்றோ கிளையைத் தொடக்கினார். அங்கிருந்து புறப்பட்ட சகோதரிகள் 1841ஆம் ஆண்டின் முடிவில் கல்கத்தா வந்து சேர்ந்தார்கள். அந்த வழியேதான் பின்னாளில் அன்னை தெரேசாவும் வந்தார்.

நம் நாட்டுக்குக் கல்வி கொண்டுவந்த கன்னியர் வேறு சபைகளைச் சேர்ந்தவர்கள். 1862இல் திருக்குடும்பக் கன்னியர் யாழ்ப்பாணம் வந்தார்கள். உங்கள் பாட்டியாரும் தாயாரும் அவர்களிடம் எழுத்துப் படித்திருக்கலாம். அவர்களுடைய சபை மேரி வார்டின் சபையன்று. ஆயினும் கன்னியர் மதிலுக்கு வெளியே வந்து பெண் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கலாம் என்ற வழி, அவரைப் போன்றவர்கள் பட்ட பாட்டினால் திறந்த வழியே.

நமக்கு ஒரு கேள்வி

இவ்வரலாற்றைச் சொல்வதால் திருச்சபையைக் குறை கூறுகிறோம் என்று எவரும் எண்ண வேண்டாம். தன் பிள்ளைக்குச் செய்த அநீதியைக் காலஞ் சென்றாவது உணர்ந்து திருத்திய தாய் அவள். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், ஆண் பெண் என்ற காரணத்தால் மனிதருக்கிடையே உரிமைகளில் பாகுபாடு காட்டுவது கடவுளின் திட்டத்துக்கு மாறானது என்று தெளிவாகப் போதித்தது. 2023 ஒக்டோபரில் நடந்த ஆயர் மாமன்றத்தில் முதன்முறையாகப் பெண்களும் வாக்களித்தார்கள். 2025 ஜனவரியில், உலகத் துறவற சபைகள் அனைத்தையும் கவனிக்கும் வத்திக்கான் அலுவலகத்துக்கு அருட்சகோதரி சிமோனா பிறாம்பில்லா தலைவராக நியமிக்கப்பட்டார். பெண் ஒருவர் பெண்களின் சபையை ஆள்வதா என்று கேட்டுத்தான் மேரி வார்டின் சபையை ஒரு காலத்தில் கலைத்தார்கள்.

ஆனால் 278 ஆண்டுகள் என்பது சிறிய காலமா? அந்த இடைவெளியில் படிக்க முடியாமற் போன பெண் பிள்ளைகள் எத்தனை பேர்? நல்ல மனமுள்ள, பக்தியுள்ள மனிதர்களே அந்தத் தாமதத்துக்குக் காரணமாயிருந்தார்கள் என்பதுதான் நம்மைச் சிந்திக்க வைக்க வேண்டும். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். பெண்தானே என்று நினைத்தார்கள், அவ்வளவே.

அந்தச் சொல் இன்னும் நம் வீடுகளில் உலாவுகின்றது. மகனுக்கு ரியூசன், மகளுக்கு அடுப்படி என்று நேரம் பிரிக்கும்போது அது பேசுகின்றது. நல்ல பெறுபேறு எடுத்த மகளைத் தூர இடத்துப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பாமல், சீதனக் கணக்குப் பார்க்கும்போது அது பேசுகின்றது. பங்குச் சபைக் கூட்டத்தில் வேலை முழுவதையும் பெண்களிடம் கொடுத்து, தீர்மானத்தை மட்டும் ஆண்கள் எடுக்கும்போதும் அது பேசுகின்றது. தாய்மாரே, பல வேளைகளில் அதை மகளின் காதில் முதலிற் சொல்பவர்கள் நீங்களாகவும் இருக்கிறீர்கள்.

மேரி வார்ட் அம்மையாரின் பெற்றோர் மகளைப் பிரிய மனமின்றித் தவித்தவர்கள்தான். ஆயினும் போக விட்டார்கள். உங்கள் மகள் இதுவரை உங்கள் குடும்பத்தில் எந்தப் பெண்ணும் போகாத பாதை ஒன்றைக் காட்டி, தான் அதிலே போகவா என்று கேட்கும் நாளில், உடனே மறுத்துவிடாதீர்கள். ஆண்டவரிடம் செபித்து, பிள்ளையின் திறமையை நிதானமாக எண்ணிப் பார்த்து, மகனுக்கு எந்த நியாயத்தால் விடை சொல்வீர்களோ அதே நியாயத்தால் மகளுக்கும் விடை சொல்லுங்கள்.